பழைய கார் தூக்கிப்போடுகிறதா? எதை முதலில் மாற்றுவது?

பத்து, பன்னிரண்டு வயதான ஒரு சின்ன கார் இன்றும் பல வீடுகளின் வாசலில் நிற்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. மைலேஜ் கிடைக்கிறது. ஏ.சி.யும் குளிர்கிறது. ஆனால், ஊருக்குப் போய் இறங்கினால் பின்சீட்டில் வந்த பாட்டிக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தூரத்தில் வேகத்தடை தெரிந்தாலே எல்லோரும் கைப்பிடியைத் தேடுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "சஸ்பென்ஷன் மொத்தமா போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார்கள். காரை விற்றால் கிடைக்கும் பணத்தில் கணிசமான பங்கு அது. செலவு செய்வதா, காரையே தள்ளிவிடுவதா என்ற குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான கார்களுக்கு இரண்டுமே தேவைப்படாது. சஸ்பென்ஷன் என்பது ஒரே பொருள் அல்ல. சில நூறு ரூபாய் ரப்பர் புஷ்ஷில் தொடங்கி, ஆயிரங்களில் விலை சொல்லும் ஸ்ட்ரட் வரை பல பாகங்கள் சேர்ந்த கூட்டுக்குடும்பம் அது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்து, சரியான வரிசையில் கவனித்தால், குறைந்த செலவிலேயே கார் பழைய நடைக்குத் திரும்பும். வரிசை தவறினால், பணமும் போகும், சத்தமும் போகாது.

எது என்ன வேலை செய்கிறது?

ஆல்ட்டோ, வேகன்-ஆர், ஐ10, ஸ்விஃப்ட் என்று நம் ஊர்ச் சின்ன கார்களின் முன்பக்கத்தில் இருப்பது 'மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்'. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் 1940-களில் உருவாக்கிய அமைப்பு. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்திருப்பதால் இடமும் செலவும் மிச்சம்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்ஸார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகத் திணறிக்கொண்டு போகும்போது, ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறித் தணிகிறது. இந்த இரண்டையும் சக்கரத்தோடும் பாடியோடும் இணைக்கும் இடங்களில் ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்ட்களும் இருக்கின்றன. பழைய காரில் பல நேரங்களில் முதலில் களைத்துப்போவது இந்த ரப்பர்தான். கிலோமீட்டர் குறைவாக ஓடிய காராக இருந்தாலும் வெயிலும் வயதும் ரப்பரை விடுவதில்லை. 'நாற்பதாயிரம்தானே ஓடியிருக்கிறது' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

செலவே இல்லாத சோதனைகள்

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன்பே வீட்டு வாசலில் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் டயர் காற்று. டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். 'கொஞ்சம் அதிகமாகவே வைங்க, மைலேஜ் வரும்' என்று நிரப்பிய காற்றே பல கார்களைக் கட்டை வண்டியாக்கிவிடுகிறது. கார் ஓடி, டயர் சூடாவதற்கு முன்பு அளப்பதுதான் சரியான அளவு. டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் 2318 என்று இருந்தால், அது 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. இறுகிப்போன பழைய டயரை வைத்துக்கொண்டு ஸ்ட்ரட்டை மாற்றினால் முழுப் பலன் கிடைக்காது.

அடுத்து, சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து மேலே உள்ள வளைவு வரை டேப்பால் அளந்து, இடது வலது ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். டிக்கியில் நிரந்தரமாக இருக்கும் சுமையையும் யோசியுங்கள். பின்னால் சி.என்.ஜி. சிலிண்டர் பொருத்திய காரில் பின் ஸ்பிரிங்குகள் எப்போதும் எடை சுமந்தபடியே இருக்கின்றன.

மூன்றாவது, காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திவிட்டு கையை எடுப்பது. மேலே வந்து ஒருமுறை அடங்கினால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்ஸார்பர் பலவீனம். இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தோற்றால் மட்டும் சந்தேகமே வேண்டாம். கூடவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக் அப்ஸார்பரின் உடல் மேல் லேசான ஈரப் படலம் இருப்பது பெரிய விஷயமில்லை. எண்ணெய் வழிந்து, தூசி சேறாக அப்பியிருந்தால் அது கசிவு. டயரைத் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பது தெரிந்தால், அதுவும் ஷாக் அப்ஸார்பரைச் சந்தேகிக்கச் சொல்லும் அடையாளம்.

சத்தம் சொல்லும் சேதி

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது 'கடகட' என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு அல்லது அதன் புஷ். பிரேக் அடிக்கும்போதோ, கிளம்பும்போதோ 'டொக்' என்று ஒரே ஒரு அடி கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போலச் சத்தம் வந்தால், ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் இருக்கும் மவுன்ட்டும் பேரிங்கும். சத்தமே இல்லாமல், ஹைவேயில் கார் படகு போல மிதந்தால் ஷாக் அப்ஸார்பர்.

'சத்தம் வருது' என்று மட்டும் சொல்லாமல், 'எப்போது, எந்தப் பக்கம், என்ன செய்யும்போது' என்று மெக்கானிக்கிடம் சொல்வதே பாதிச் செலவை மிச்சப்படுத்தும். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டுங்கள்.

பணத்தை இந்த வரிசையில் பிரியுங்கள்

எந்த வரிசைக்கும் முன்னால், தள்ளிப்போடக் கூடாத ஒன்று இருக்கிறது. பால் ஜாயின்ட். சக்கரத்தை லோயர் ஆர்மோடு பிடித்துக்கொண்டிருக்கும் முட்டி அது. அதில் ஆட்டம் அதிகமாகி ஒருநாள் கழன்றால், சக்கரம் ஓட்டத்திலேயே மடங்கிவிடும். ஸ்டீயரிங் முனையில் இருக்கும் டை ராடு எண்டும் அப்படித்தான். இந்த இரண்டில் ஆட்டம் இருப்பதாக மெக்கானிக் காட்டினால், அடுத்த மாதச் சம்பளம் வரை காத்திருக்க வேண்டாம். சொகுசுக்கான செலவு வேறு, உயிருக்கான செலவு வேறு.

அதன் பிறகு நூறுகளில் முடியும் வேலைகள்: லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், பம்ப் ஸ்டாப், ஸ்ட்ரட்டின் டஸ்ட் கவர். பல கார்களில் இவற்றை மாற்றியதுமே 'புது கார் மாதிரி இருக்கே' என்று வீட்டில் சொல்வார்கள். அடுத்தது லோயர் ஆர்ம் புஷ்கள். சில கார்களில் பால் ஜாயின்ட்டோடு சேர்ந்த முழு லோயர் ஆர்மாகவே கிடைக்கும். புஷ், பால் ஜாயின்ட் இரண்டுமே போயிருந்தால் முழு ஆர்மை மாற்றுவது கூலியை மிச்சப்படுத்தும்.

ஆயிரங்கள் ஆகும் ஸ்ட்ரட்டும் ஷாக் அப்ஸார்பரும் கடைசியில்தான். அதையும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. முன்பக்க ஜோடி இந்த மாதம், பின்பக்க ஜோடி சில மாதம் கழித்து என்று பிரிக்கலாம். ஆனால், இடதை மட்டும் மாற்றி வலதை விட்டுவைப்பது கூடாது. பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மவுன்ட்டையும் பேரிங்கையும் பார்த்து மாற்றிவிடுங்கள். பின்னால் அதற்காக மட்டும் கழற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

எந்த பார்ட் வாங்குவது? கார் கம்பெனியின் ஒரிஜினல் பார்ட் ஒரு வழி. கார் கம்பெனிகளுக்கே ஷாக் அப்ஸார்பர் செய்துகொடுக்கும் கேப்ரியல் போன்ற நிறுவனங்களின் பொருளைக் கடையில் வாங்குவது இன்னொரு வழி. விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். கேப்ரியலுக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை உண்டு. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்டிக்கு அதுதான் சாட்சி. கார் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பில்லில் அதையும் சரிபாருங்கள்.

ஆசை காட்டும் குறுக்குவழிகள்

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் காரை உயர்த்திக் காட்டும். அடிதட்டும் பிரச்னைக்குத் தீர்வு போலவே தெரியும். உண்மையில் ஸ்பிரிங்கின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போய், கார் இன்னும் கட்டையாகிறது. பழைய ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் நிரப்பி பெயின்ட் அடித்துத் தருவதும் சில மாத சந்தோஷம்தான். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது நேரடி ஆபத்து.

பெரிய அலாய் வீல், மெல்லிய டயர் போட்டுவிட்டு 'கார் தூக்கிப்போடுது' என்று சஸ்பென்ஷனைக் குறை சொல்பவர்களும் உண்டு. டயரின் உயரமும் குஷன்தான். கம்பெனி கொடுத்த டயர் அளவுக்கே திரும்புவது, பலருக்கு ஸ்ட்ரட் மாற்றுவதைவிட நல்ல அப்கிரேடு. ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும், வளைவில் உறுதி தரும். ஆனால் அதிர்வை உள்ளே அனுப்பும். இடுப்பு வலிக்கும் பாட்டி பயணிக்கும் காருக்கு அது வேண்டாம்.

வேலை நடக்கும்போது கவனிக்க

லோயர் ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது, காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், கார் கீழே இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். புது புஷ் சில மாதங்களில் போனால், காரணம் பலமுறை இதுதான். ஸ்ட்ரட்டோ, லோயர் ஆர்மோ மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதை விட்டால் மிச்சம் பிடித்த பணத்தை டயர் தின்றுவிடும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டிலிருந்து கழற்றும் வேலையை மட்டும் யூடியூப் பார்த்து வீட்டில் முயற்சிக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த கார் இந்தச் செலவுக்குத் தகுமா?

இதற்கான பதில் பெரும்பாலும் இன்ஜினில் இல்லை, துருவில் இருக்கிறது. பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலை பாடியோடு சேரும் இடத்தையும், காரைத் தூக்கி அடிப்பாகத்தையும் பாருங்கள். கடற்கரை ஊர்களிலும், மழை வெள்ளத்தில் நின்ற கார்களிலும் இதை அவசியம் பார்க்க வேண்டும். அந்த இரும்பு உளுத்துப்போயிருந்தால், புது சஸ்பென்ஷன் போட்டுப் பயனில்லை. ஆர்.சி.யின் 15 வருடக் கெடுவையும் பாருங்கள். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பாடி உறுதியாக இருக்கிறது, இன்னும் நாலைந்து வருடம் ஓட்டப் போகிறோம் என்றால் செலவு செய்யலாம். இந்த வார இறுதியில் டயர் காற்றையும் டேப் அளவையும் பார்த்துவிடுங்கள். பிறகு, சத்தம் எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். 'செட்டா மாத்திடலாம்' என்ற பேச்சை, 'எது எது சார், ஒவ்வொண்ணா காட்டுங்க' என்று மாற்ற அந்தத் தாள் போதும்.