நிபுணர் நம் முற்றத்துக்கும் வரட்டும்

தேசிய சிறுவர் நலத் திட்டம் வகுக்க மூத்த ஆலோசகரை நியமிப்பது தவறன்று. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த நம் பிள்ளைகள் பலர் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்காக வளர்ந்தனர். காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கியது 2015இலேயே.

வயலை இழந்த தகப்பன் கூலிக்கு அலைந்தால் பிள்ளையின் சோறும் படிப்பும் குறையும். காணிப் பிரச்சினையும் சிறுவர் நலப் பிரச்சினையே. கொழும்பிலிருந்து எழுதப்படும் அறிக்கைக்கு இது எப்படித் தெரியும்?

ஆகவே நியமனக் கடிதத்திலேயே இரு நிபந்தனைகள் வேண்டும்: ஆலோசகர் பெற்றோரையும் பிள்ளைகளையும் தமிழில் கேட்கவேண்டும், வரைவை முடிக்குமுன் அவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

நாமும் கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் கூடி, நம் பிள்ளைகளின் தேவைகளை இன்றே எழுதிவைப்போம்.