பழையதை எடைக்குப் போடாதீர்

ஐதராபாத் பஸ் பவனில் ஆல்பியன் பேருந்து ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1932-ஆம் ஆண்டில் நிஜாம் அரசு இரயில்வே 27 பேருந்துகளையும் 166 பணியாளர்களையும் கொண்டு தொடங்கிய சாலைப் போக்குவரத்துத் துறையின் நினைவுச் சின்னம் அது. அதனைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழும்: இத்தகைய பழம்பேருந்தின் உடல் துருவேறி உதிர்ந்தால், அவ்விடத்தில் கண்ணாடி இழைத் தகட்டைப் பொருத்துவது முறையா?

முறையே என்பது என் கருத்து. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை நான் கற்றது ஒரு தவற்றினால்.

சென்ற கோடை விடுமுறையில் இந்நகரத்துப் பட்டறை ஒன்றில், வேறொரு பழம்பேருந்தைப் புதுப்பிக்கும் பணியில் கைகொடுத்தேன். முன்சக்கரத்து மட்கார்டு அரித்துப் போயிருந்தது. பட்டி பார்த்து ஓட்டைகளை அடைத்தோம், மெழுகு பூசினோம், அதன்மேல் பிசின் தடவிக் கண்ணாடி இழைப் பாயை ஒட்டி அச்செடுத்தோம். பின்னர் அவ்வச்சின் உள்ளே அதே முறையில் புதிய மட்கார்டை உருவாக்கினோம். பிசினை இறுக்கும் மருந்து குறைந்தால் இறுகாது. மிகுந்தால் சூடேறி விரிசல் விடும். காற்றுக் குமிழ் தங்காதபடி உருளையால் அழுத்த வேண்டும். உழைப்பு மிகுதிதான், பயனும் மிகுதி. புதியது துருப்பிடிக்காது, எடையும் குறைவு, ஓர் அச்சிலிருந்து பல படிகள் எடுக்கலாம்.

வண்ணம் பூசியபின் எது பழையது, எது புதியது என்று எவருக்கும் தெரியவில்லை. அனைவரும் மகிழ்ந்தோம். பழைய மட்கார்டு எடைக்குப் போயிற்று. தூக்கிக் கொடுத்தவன் நானே. அப்போதுதான் அதன் உட்புறத்தைக் கண்டேன். பெயரறியாத் தொழிலாளி ஒருவரின் சுத்தியல் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. எங்கள் அச்சில் ஏறியது வெளிமுகம் மட்டுமே. அவர் எங்கே தொடங்கினார், எவ்வாறு வளைத்தார் என்னும் பாடம் பழைய இரும்போடு போய்விட்டது. நான் வாய் திறவாது நின்றேன்.

பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கல்லால் புதுக்கியபோது, பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டுவித்தார். அவை பழைய கல்லின் படிகள் என்பதும் அங்கேயே பொறிக்கப்பட்டது. புதுப்பித்தவர் படியைப் படி என்றே சொன்னார். நாங்களோ வேற்றுமை தெரியாததையே வெற்றி என்று கொண்டாடினோம்!

எனவே, புதிய தகட்டின் உட்புறத்தில் அது புதியது என்பதையும் செய்த ஆண்டையும் எழுதிவைப்போம். பழையதை அளந்து, படமெடுத்து, வண்டியோடு சேர்த்துக் காப்போம். இடமில்லை என்பர் சிலர். ஒரு மட்கார்டுக்கு ஒரு பரண் போதாதா?

பொறியியல் பயிலும் நண்பர்களே! தகடு தட்டும் முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அச்செடுக்கும் முன் அவர்களை அழைத்து அந்த உட்புறத்தைக் காட்டுங்கள். நான் காட்டத் தவறினேன்.