சொர்க்கத்துக்கு மேயர் கிடையாது

லாஸ் வேகாஸ் பார்த்துவிட்டேன் என்று போட்டோ காட்டுபவர்கள் பலர், உண்மையில் லாஸ் வேகாஸைப் பார்த்ததே இல்லை. ஜெகஜ்ஜோதியாகச் சூதாட்ட ஹோட்டல்கள் நிற்கிறதே, 'ஸ்ட்ரிப்' என்கிற சாலை, அதில் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் பாரடைஸ். ஏர்போர்ட்டும் அங்கேதான். ஆனால் சொர்க்கத்துக்கு மேயர் கிடையாது. கிளார்க் கவுண்ட்டிதான் அதை நிர்வாகம் செய்கிறது.

இந்த ரக ஊர்களை 'அன்-இன்கார்ப்பரேட்டட்' என்கிறார்கள். அதாவது, 'நாங்கள் ஒரு நகராட்சி' என்று சட்டப்படி பதிவு செய்துகொள்ளாத ஊர். பெயர் இருக்கும், போஸ்ட் ஆபீஸ் இருக்கலாம், சர்ச்சும் பெட்ரோல் பங்க்கும் நிச்சயம் இருக்கும். மேயர், நகர போலீஸ், நகர கோர்ட் மூன்றும் இருக்காது. நம்ம மாவட்டத்துக்கு ஒரு சின்னத் தம்பி மாதிரி 'கவுண்ட்டி' என்று ஒன்று உண்டு. எல்லாம் அதன் கையில்.

'இந்த அமெரிக்கப் பஞ்சாயத்து எனக்கு எதற்கு?' என்கிறீர்களா? என் நண்பரும் அப்படித்தான் இருந்தார், மகன் போன் செய்கிற வரை.

பையன் ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் வேலை. 2014-ல் சிநேகிதனோடு மேற்கு டெக்சாஸுக்குக் காரில் உல்லாசப் பயணம். வழியில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். பழைய பாணி பங்க், முதலில் பெட்ரோல், பிறகு பணம். போட்டார்கள், கிளம்பினார்கள். 'அவன் கொடுத்திருப்பான்' என்று இவன், 'இவன் கொடுத்திருப்பான்' என்று அவன். பத்து மைல் தாண்டியதும் பின்னால் சிவப்பு, நீல விளக்கு. 38 டாலர் பெட்ரோல் திருட்டு. கார் ஓட்டியவன் இவன் என்பதால் கைவிலங்கு இவனுக்கு. ஒரு ராத்திரி லாக்கப். மறுநாள் காசைக் கட்டி, கடைக்காரர் சமாதானமாகி, பிற்பாடு கேஸ் தள்ளுபடி ஆயிற்று. பையன் எல்லாவற்றையும் மறந்துபோனான்.

இந்தியர்களுக்கு க்ரீன் கார்டு க்யூ என்பது திருப்பதி தர்ம தரிசனத்தைவிட நீளம். பத்து வருஷத்துக்கு மேல் நின்று, சந்நிதிக்குப் பக்கத்தில் வந்தபோது பாரத்தில் ஒரு கேள்வி: 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?' கேஸ் தள்ளுபடியானாலும் 'ஆமாம்' என்றுதான் எழுத வேண்டும். எழுதினால், அது எப்படி முடிந்தது என்பதற்கு கோர்ட் முத்திரை போட்ட காகிதம் வைக்க வேண்டும். திருட்டு என்ற வார்த்தை குடியேற்ற அதிகாரிகளுக்கு அலர்ஜி. 38 டாலரா, 38 லட்சமா என்பதெல்லாம் அப்புறம்.

பையன் அந்த ஊரின் பெயரைப் போட்டு 'சிட்டி போலீஸ்' என்று ஒரு கடிதம், 'சிட்டி கோர்ட்' என்று ஒரு கடிதம் அனுப்பினான். இரண்டும் அப்படியே திரும்பி வந்தன. இல்லாத ஆபீஸுக்கு யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள்?

"அங்கிள், எனக்கு அந்த ஊர்ல ரிக்கார்டே இல்லையாம். நல்லதுதானே?" என்றான் என்னிடம் போனில்.

"தம்பி, ரிக்கார்டு இல்லாம இல்லை. நீ தட்டின கதவுதான் இல்லை" என்றேன்.

கதவுகளைச் சொல்கிறேன். டெக்சாஸ் கணக்கு இது. மற்ற மாநிலங்களில் பெயர் மாறும், ஏறத்தாழ இதே மாதிரிதான்.

முதலில், பிடித்தது யார்? கவுண்ட்டிக்கு ஷெரீஃப். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கீழே டெபுட்டிகள். அதே கவுண்ட்டியில் கான்ஸ்டபிளும் உண்டு. நம்ம ஊர் கான்ஸ்டபிள் மாதிரி சல்யூட் அடிக்கிறவர் அல்ல, அவரும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர். ஹைவேயில் மடக்கினால் மாநில அரசின் பொதுப் பாதுகாப்புத் துறை ஆளாகவும் இருக்கலாம். மூவரும் மூன்று ஆபீஸ், மூன்று பீரோ. கொடுத்த சீட்டின் தலைப்பைப் பார்த்தால் எது என்று தெரியும்.

அடுத்து, கேஸ் எங்கே போனது? கொலை, கொள்ளை என்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட், காகிதம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். ஜெயில் வரை போகக்கூடிய நடுத்தரக் குற்றம் என்றால் கவுண்ட்டி கோர்ட், கவுண்ட்டி கிளார்க். அபராதத்தோடு முடிகிற சில்லறைக் குற்றம் என்றால் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்'. 100 டாலருக்குக் குறைந்த திருட்டு இந்த மூன்றாவது ரகம்.

இந்த 'அமைதி நீதிபதி' சுவாரசியமான பதவி. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. ஓட்டு வாங்கினால் போதும். அபராதம் போடுவார், வாடகை பாக்கி வழக்கு கேட்பார், கல்யாணம் செய்து வைப்பார், பிரேதப் பரிசோதனை அதிகாரி இல்லாத கவுண்ட்டிகளில் சாவு விசாரணையும் செய்வார். ஆதி முதல் அந்தம் வரை ஒரே கவுன்ட்டர்.

'கமிஷனர்ஸ் கோர்ட்' என்று ஒரு போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள். அது கோர்ட்டே அல்ல. கவுண்ட்டியின் நிர்வாக சபை. ரோடு, பாலம், பட்ஜெட் பேசுகிற இடம். அங்கே போய் கேஸ் கட்டு கேட்பது, மாநகராட்சிக் கூட்டத்தில் ஜாமீன் கேட்கிற மாதிரி.

டெக்சாஸில் 254 கவுண்ட்டிகள். அதில் லவ்விங் என்று ஒன்று. பெயர்தான் அன்பு, கூட்டம் இல்லை. 2020 சென்ஸஸில் மொத்த ஜனத்தொகை 64. நம்ம டவுன் பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு இதைவிட அதிகம். அதன் தலைநகர் மென்டோன். அதுவும் நகராட்சி இல்லாத ஊர்தான், ஆனாலும் சொந்தமாக கோர்ட் கட்டிடம் உண்டு. 8,000 பேருக்குக் குறைந்த கவுண்ட்டிகளில் கவுண்ட்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கிளார்க் இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்க மாநில அரசியல் சட்டம் அனுமதிக்கிறது. சின்ன கவுண்ட்டிகளில் ஷெரீஃபே வரி வசூலிப்பதும் உண்டு. 1980-ல் பதவி ஒழிக்கப்படும்வரை நம்ம மணியக்காரர் கிஸ்தியும் வசூலித்து, களவு போனால் தாக்கலும் அனுப்பவில்லையா, அந்த மாதிரி. இதில் ஒரு சௌகரியம், கதவு குறைவு. தவறான கதவைத் தட்டினாலும், 'நீ கேட்கிறது என்கிட்டேதான் இருக்கு, தொப்பியை மாத்திக்கிட்டு வர்றேன்' என்பார்.

இனி, கேட்கும் விதம். அமெரிக்காவில் தகவல் சட்டம் என்றதும் எல்லோரும் 1966-ல் வந்த மத்திய சட்டத்தைச் சொல்வார்கள். அது வாஷிங்டன் ஆபீஸ்களுக்கு. ஷெரீஃபை அது கட்டுப்படுத்தாது. டெக்சாஸுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1973-ல் பிறந்தது. அதன்படி யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது. தர இஷ்டமில்லை என்றால், 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் தீர்ப்பைக் கேட்க வேண்டும். சாதாரண நகலுக்கு பக்கத்துக்கு 10 சென்ட்.

ஆனால் கோர்ட்டுக்கு இந்தச் சட்டம் செல்லாது. கோர்ட் காகிதத்துக்கு கிளார்க்கிடம் நேராக, பெயர், பிறந்த தேதி, வருஷம் சொல்லி, முத்திரை வைத்த நகல் என்று கேட்டு, கட்டணம் கட்ட வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் சும்மா திரும்பக்கூடாது. 'இல்லை' என்பதையே முத்திரை போட்டு வாங்க வேண்டும். இல்லை என்கிற காகிதமும் ஒரு ரிக்கார்டுதான்.

பையன் கேட்டான். முதல் பதில்: அப்படி ஒரு பெயரே இல்லை. இங்கேதான் நம்ம இனிஷியல் விளையாடியது. அப்பா பெயரை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பதில் தமிழனுக்கும் அமெரிக்க அரசாங்கத்துக்கும் தீராத தகராறு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யு' என்று அடித்துவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். தேடச் சொன்னேன், அப்பா பெயரில். கிடைத்தது. கோர்ட் கணக்கில் 38 டாலர் பெட்ரோல் திருடியவர், ராயப்பேட்டையில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் என் நண்பர்.

"என் பேர்லயா? நான் சைக்கிளுக்குக் காத்துகூட கடன் வெச்சதில்லைய்யா!" என்று பதறினார்.

பிறந்த தேதி பையனுடையதாக இருந்ததால் பிழைத்தார். 'தள்ளுபடி' என்ற ஒற்றை வார்த்தையோடு, புடைப்பு முத்திரை குத்திய அரைப் பக்கம் தபாலில் வந்தது. அந்த அரைப் பக்கத்துக்காக அவன் வீட்டில் ஒரு மாதம் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. தள்ளுபடியான கைதை ரிக்கார்டிலிருந்தே அழிக்கச் சொல்லி மனுப் போட டெக்சாஸில் வழி இருக்கிறது. அழித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் குடியேற்றத் துறை, அழிக்கப்பட்டதையும் சொல் என்கிறது. அழித்த பிறகு ஆதாரத்துக்கு எங்கே போவது? ஆகவே முதலில் முத்திரை நகல் இரண்டு மூன்று வாங்கி பீரோவில் வையுங்கள். அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.

நம்ம ஊரிலும் கதவு மூடியில்லை. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு. தொலைதூர ஊர்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை 'இ-கோர்ட்ஸ்' தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிராமத்துக்கு ஸ்டேஷன் இல்லை என்றால், அது எந்த ஸ்டேஷன் எல்லை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. டெக்சாஸ் பாடமேதான்.

கடைசியாக, அமெரிக்க மாப்பிள்ளையாகக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கிடைக்கிற காகிதம் வருங்கால மாமனாருக்கும் கிடைக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஜாதகத்தைவிட செலவும் குறைவு. அந்த மாமனார்களுக்கும் ஒரு வார்த்தை. கைது என்பது கதையின் முதல் பக்கம்தான் சார். கடைசிப் பக்கம் கிளார்க்கிடம் இருக்கிறது. அதையும் வாங்கிப் படித்துவிட்டு, அப்புறம் பெண் இல்லை என்று சொல்லுங்கள்.