ஒரு வாலிபனின் தினப்படிக் குறிப்பு

விடுமுறைதோறும் நம் மாணவரிற் பலர் மாமல்லபுரம் சென்று, கற்கோயில்களைக் கண்டு களித்து, கட்டுச்சோறு உண்டு திரும்புகின்றனர். தெற்கே சதுரங்கப்பட்டினத்து உலாந்தாக் கோட்டையையோ, வடக்கே கோவளத்தையோ நின்று பார்ப்போர் சிலரே. 1752-ஆம் ஆண்டில் கிளைவ் கோவளத்தையும், பின்னர்ச் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் பக்கத்தாரிடமிருந்து கைப்பற்றினான். 1754 ஜனவரியில் இரு கும்பினியாரின் பிரதிநிதிகளும் சதுரங்கப்பட்டினத்திற் கூடிச் சமாதானம் பேசி, முடிவின்றிப் பிரிந்தனர். இவற்றையெல்லாம் நாம் பெரும்பாலும் ஐரோப்பியர் எழுதிய சரித்திரங்களிலிருந்தே அறிகின்றோம். பீரங்கி முழங்கிய அன்று கோவளத்துக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் என்ன நினைத்தானென்று எழுதி வைத்தவர் யார்?

அக்காலத்து இக்கரையிலே எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. சென்னைப் பெரம்பூரில் 1709-இற் பிறந்து, புதுச்சேரியிற் குடியேறிய ஆனந்தரங்கப் பிள்ளையே அவர். 1736 செப்டம்பரில், இருபத்தேழு வயது வாலிபராய், தினப்படிச் சேதிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்பொழுது அவர் கவர்னர் துய்ப்ளேக்சின் பெரிய துபாஷியும் அல்லர்; அப்பதவி 1747-இலேதான் கிட்டிற்று. 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில நாள் முன்னர் அவர் உயிர் நீங்கும் வரையில் அக்குறிப்பு நீண்டது.

அதில் என்ன இருக்கிறது? கப்பல் வந்ததும் போனதும், சரக்கின் விலை, சகுனம், சோதிடர் வாக்கு, தமக்குக் கிடைத்த மரியாதை, தம் போட்டியாளர்மேல் வைத்த பொறாமை, துய்ப்ளேக்சின் மனைவியார்மேல் கொண்ட வெறுப்பு. 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதில் பாதிரிமார் கொண்டிருந்த பங்கையும் அவர் மனம் வெந்து எழுதியிருக்கிறார். மிஷன் கலாசாலையிற் பயிலும் நாம் அப்பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படித்தல் தகாது. மற்றவர்க்குக் காட்டுவதற்கென்று அவர் எழுதியிருப்பாராயின், பொறாமையும் அச்சமும் முதலில் மறைந்திருக்கும். அவற்றோடு உண்மையிற் பாதியும் மறைந்திருக்கும் என்பது எம் கருத்து.

பிறர் அந்தரங்கத்தைப் படிப்பது முறையா என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். உயிரோடிருப்பவர் பெட்டியைத் திறப்பது குற்றமே. ஆனால் 1846-இல் பிரெஞ்சு உத்தியோகஸ்தரான கல்லுவா மொம்பிரோன் இக்கையெழுத்துக்களைக் கண்டெடுத்திராவிடில், ஒரு நகரத்தின் இருபத்தைந்து ஆண்டுக் காலம் தமிழன் கண்ணுக்கு எவ்வாறு தோன்றிற்று என்பதை நாம் அறிந்திருக்கமாட்டோம். வெட்கப்பட வேண்டியது வேறொன்று. ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற் புத்தகம் 1904-இலும், பன்னிரண்டாவது 1928-இலும் சென்னையில் வெளிவந்தன. தமிழ் மூலமோ 1948 முதலாகவே புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கிற்று. தமிழில் எழுதியதைத் தமிழர் ஆங்கிலத்திற் படித்திருந்த காலம் நாற்பது ஆண்டுக்கு மேல்!

பிள்ளையவர்களை மிகைப்படுத்திப் போற்றவும் நாம் விரும்பவில்லை. அவர் கண் வர்த்தகர் கண். கவர்னர் மாளிகையும் பண்டகசாலையும் அதிற் பெரிதாகத் தெரிகின்றன. மெழுகிப் பெருக்கிய பெண்களும் மூட்டை சுமந்தவர்களும் ஓரத்தில் நிழலாகவே நிற்கின்றனர். அந்நிழல்களை வேறு எவரேனும் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

நம் மாணவரிலும் சிலர் நாட்குறிப்பு வைத்திருப்பதை அறிவோம். பெரும்பாலும் அது ஜனவரியிற் பிறந்து பொங்கலுக்குள் மடிகிறது. எஞ்சியவற்றிலோ உயர்ந்த எண்ணங்கள் மிகுதி, விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. யாரேனும் எடுத்துப் பார்த்து மெச்சுவர் என்ற ஆசை வரிதோறும் தெரிகிறது. இவ்வாண்டு மாமல்லபுரம் போகிறவர்கள் சிற்பங்களின் அழகை வருணிப்பதை விட்டு, உளி பிடிக்கும் சிற்பியின் தினக்கூலி என்ன, கரையில் மீன் என்ன விலைக்கு ஏலம் போயிற்று, அலை எந்த வீட்டுச் சுவர் வரையில் ஏறி வந்தது என்று எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை மட்டும் இச்சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டாம்.