குழந்தையின் எழுத்துக்கு ஒரு வாசகர் வேண்டும்: ஊர்ப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாமக்கல் வட்டாரத்து ஆரம்பப் பாடசாலைகளில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் சிலரும், மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இளம்பெண்கள் சிலரும், பிள்ளைகளின் தாய்மார் சிலருமாகச் சேர்ந்த சிறு குழுவினர் நாங்கள். பணம் கேட்டோ, யார்மீதும் குறை கூறியோ இதை எழுதவில்லை. நம் இளங்குழந்தைகள் தாமே விரும்பி எழுத வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கைப்பேசியையே நல்ல சாதனமாக்கிக்கொள்ள முடியும் என்பது எங்கள் அனுபவம். இவ்விரண்டையும் உங்கள் முன் வைத்து, உங்கள் ஒத்துழைப்பை வேண்டவே முன்வந்திருக்கிறோம்.

நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் ஆரம்பப் பாடசாலைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடியும் திறந்தன. இடைப்பட்ட 19 மாதங்களுக்கு மேற்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசிக் காணொளிகளும் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன என்பதை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் பார்ப்பதிலும் கேட்பதிலும் பழகிப்போன சின்னஞ்சிறு விரல்கள் பலப்பம் பிடிக்கும் அப்பியாசத்தை இழந்துவிட்டன. அந்த இழப்பை ஈடு செய்யும் பொருட்டு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடங்கப்பெற்று, பாட்டும் கதையும் நாடகமுமாக வகுப்பறைகள் உயிர்பெற்றதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். ஆனால் 247 எழுத்துகளையும் பிழையின்றி எழுதத் தெரிவது ஒரு படி. மனத்தில் உள்ளதை எழுதிவிட வேண்டும் என்ற ஆவல் பிறப்பது அதற்கு அடுத்த படி. அந்த இரண்டாம் படியில்தான் நம் குழந்தைகளிற் பலர் தயங்கி நிற்கிறார்கள்.

தயக்கத்தின் காரணத்தை யோசித்துப் பார்த்தால், குற்றம் குழந்தைகளிடம் இல்லை என்பது விளங்கும். பார்த்து எழுதுதல், சொல்வதெழுதுதல், வினாவுக்கு விடை எழுதுதல் ஆகிய இவை யாவும் தேவையான பயிற்சிகளே. எனினும் இவற்றைப் படிக்கிறவர் திருத்துகிறவர் ஒருவரே. அவர் தரும் பதிலும் ஒரு சிவப்பு மைக் கோடுதான். கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் எந்தக் குழந்தையும் பேசாது. வாசிப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் எந்தக் குழந்தையும் எழுதாது.

சென்ற ஆண்டு எங்கள் திண்ணைக்கு வந்துகொண்டிருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் அவர் வீட்டில் தங்கும் நாட்கள் ஐந்தாறுக்கு மேல் இரா. வாய் திறந்தால் கதை கதையாகச் சொல்லும் அக்குழந்தை, 'நான் விரும்பும் விலங்கு' என்று எழுதச் சொன்னால் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் மாலை, வீட்டு ஆடு குட்டி போட்ட சேதியை அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வர, பாடம் சொல்லும் பெண் அதைத் தன் கைப்பேசியில் பதிவு செய்து அவளுக்கே போட்டுக் காட்டினாள். தன் குரலைத் தானே கேட்ட குழந்தை முதலில் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு இன்னொரு தரம் போடச் சொன்னாள். "இதை அப்பாவுக்கு எழுதி அனுப்பலாமா?" என்று அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், நோட்டு விரிந்தது. பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு அவள் எழுதியவை நான்கே வரிகள்: "அப்பா, வெல்லாடு ரெண்டு குட்டி போட்டுருச்சு. ஒன்னு கருப்பு. ஒன்னு செவலை. கருப்புக்கு நீங்க பேர் வைங்க."

அந்தப் பக்கத்தின் படம் அன்றிரவே வாட்ஸ்அப் மூலம் தகப்பனாருக்குப் போயிற்று. நாகபுரிக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியிருந்த அவர், குரலிலேயே பதில் சொல்லியிருக்கலாம் என்றாலும், எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, ஒரு பில்லின் பின்புறத்தில் பேனாவால் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பினார்: "கண்ணு, வெள்ளாடு குட்டி போட்டதில் ரொம்ப சந்தோஷம். கருப்புக் குட்டிக்குக் கருவாச்சி என்று பேர் வை. செவலைக் குட்டி நன்றாகப் பால் குடிக்கிறதா? எழுது." கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பல வருஷங்களாயின என்று பிற்பாடு அவர் எங்களிடம் சொன்னார். மறுநாள் அந்தப் பதிலையும் தன் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்த சிறுமி, ஒருவரும் சொல்லாமலே ரப்பரை எடுத்து 'வெல்லாடு' என்பதை அழித்து 'வெள்ளாடு' என்று எழுதினாள். செவலைக் குட்டியைப் பற்றிய கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது.

பேசும் தமிழ் ஒன்றாகவும் எழுதும் தமிழ் வேறொன்றாகவும் இருக்கும் நம் பாஷையில், 'போட்டுருச்சு' என்று சொல்லும் குழந்தை 'போட்டது' என்று எழுதக் கற்க வேண்டியிருக்கிறது. லகர ளகர ழகரங்களுக்கிடையே தடுமாறாத குழந்தையும் அபூர்வம். முதல் வரியிலேயே இவ்வளவு பாரத்தையும் சுமத்தினால் பென்சில் நின்றுவிடும். குரற்பதிவு அந்தப் பாரத்தைப் பகுத்துக் கொடுக்கிறது: சொல்லவேண்டியது முதலில் வாயால் சொல்லியாகிவிடுகிறது; பிறகு கை அதை நிதானமாகப் பின்பற்றுகிறது; எழுத்து வழக்கோ, பதில் கடிதங்களை வாசிக்க வாசிக்கத் தானே படிகிறது. திண்ணையில் ஆசிரியையின் முன்னிலை, வீட்டில் தாயின் துணை, தூரத்தில் உள்ளவரைச் சமீபத்தில் கொண்டுவரும் யந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைவதையே இக்காலத்தார் கலப்புக் கல்வி என்று சொல்கிறார்கள்.

இம்முறை முற்றிலும் புதிதுமன்று. முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச இயலாதவராய் இருந்த செலெஸ்தேன் ஃப்ரெனே என்னும் பிரெஞ்சு உபாத்தியாயர், 1920-களில் தென் பிரான்சின் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குள் சிறிய அச்சு யந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் அன்றாட வாழ்விலிருந்து எழுதியவற்றை அவர்களே அச்சுக் கோக்கும்படி செய்து, அந்தப் பிரதிகளை நாட்டின் மறுகோடியில் பிரெத்தாஞ் பகுதியில் இருந்த மற்றொரு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்தும் பிரதிகள் வந்தன. முகம் அறியாத நண்பர்கள் தம் எழுத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்ற நினைவு அக்குழந்தைகளை எழுதவைத்தது. அன்று அச்சு யந்திரமும் தபாலும் செய்த உபகாரத்தை இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி செய்யக்கூடும்.

அதே சமயம், எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடங்களையும் சொல்லாமல் விடுவது எங்கள் கடமைக்கு விரோதமாகும். யந்திரம் தபால்காரராக இருக்கட்டும். எழுதுவது குழந்தையின் கையாகவே இருக்கட்டும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ், படிக்கத் தொடங்காத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைக் காணும்போது குழந்தைகளின் மூளையில் வாசிப்புக்குரிய பகுதிகள் இயங்கியதையும், விசைப்பலகையில் தட்டியோ புள்ளிக் கோட்டின்மேல் வரைந்தோ பழகியவற்றில் அவ்வாறு நிகழாததையும் கண்டார். ஆகையால், பேசினால் தானே எழுத்தாக்கித் தரும் வசதியையும், கேட்டதும் கட்டுரை எழுதிக் கொடுக்கும் செயலிகளையும் இந்த வயதில் குழந்தையின் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். கைப்பேசி பெரியவர் கையிலேயே இருக்கட்டும். பதிவுக்கும் படத்துக்கும் சில நிமிஷங்கள் போதும். குழந்தையின் பெயரும் பள்ளியும் முகமும் தெரியும்படி எதையும் பொதுவெளியில் பரப்ப வேண்டாம். கடிதம் உரியவருக்கு மட்டும் போகட்டும்.

இனி எங்கள் வேண்டுகோள். தாய்மார்களே, வாரத்தில் ஒரு மாலை குழந்தையைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டு எழுத அரை மணி நேரம் அருகில் இருங்கள். எழுதும்போது பிழையைச் சுட்டாதீர்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் தந்தையரே, உங்கள் குழந்தை எழுதியதற்குக் கையால் எழுதிப் பதில் அனுப்புங்கள்; முடிவில் ஒரு கேள்வி கேளுங்கள், அடுத்த கடிதம் தானே வரும். உபாத்தியாயப் பெருமக்களே, வாரம் ஒரு குழந்தையின் பக்கத்தையாவது ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் காட்டி, அதை எழுதிய குழந்தையையே வாசிக்கச் செய்யுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கையரே, கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் கைப்பேசியைத் துணையாக்குங்கள். பேரப்பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களே, உங்கள் தெருக் குழந்தை ஒன்றின் பெற்றோரிடம் சொல்லி, அக்குழந்தைக்கு வாசகராக இருக்க முன்வாருங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் உங்கள் நேரத்தில் கொஞ்சமும் போதும். இன்றிரவு உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தை நான்கு வரி எழுதினால், உறங்கப் போகுமுன் அதை வாசித்து, ஒரு வரியாவது பதில் எழுதிக் கொடுங்கள்.