அந்த அரையாண்டு வீணல்ல

படிக்கிற பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் படிப்பு கெடும், முதலாளிக்குச் சல்லிசாக ஆள் கிடைக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். பின்பாதியில் நியாயம் உண்டு. முன்பாதி தவறு.

1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியதே இந்த முறையோடுதான். அங்கெல்லாம் படிப்பு கெட்டா போயிற்று?

நம் பாலிடெக்னிக்குகளில், படிப்பின் நடுவே தொழிற்சாலைப் பயிற்சிக்கு அனுப்பும் சாண்ட்விச் டிப்ளமோவையே பாருங்கள். மற்ற டிப்ளமோ மூன்றாண்டு, இது மூன்றரை. பாடத்தைப் பறிக்கவில்லை, பயிற்சிக்காகக் காலத்தைக் கூட்டியிருக்கிறார்கள். டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் விலகல், என்றால் என்ன என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். லேத்தில் தான் கடைந்த உருப்படியை ஆய்வாளர் மைக்ரோமீட்டரால் அளந்து ஒதுக்கிவைக்கும்போதுதான் அது மாணவனுக்கு உறைக்கும். எந்த வகுப்பறையும் இதைத் தராது.

பயிற்சி என்று அழைத்துப் பெட்டி கட்டவும் தரை கூட்டவும் விடுகிற இடங்கள் உண்டு. அது அநியாயம். ஆனால் அதற்குக் காரணம் பயிற்சி அல்ல, மேற்பார்வை இல்லாததுதான். போய்ப் பார்க்காமலே பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்திடும் ஆசிரியரை ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகை தரச் சொல்கிறது. படிப்பின் நடுவே பயிற்சிக்குப் போகிறவருக்கும் அதே நியாயம் வேண்டும். பயிற்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள். கண்காணிப்பையும் ஊதியத்தையும் கேளுங்கள்.