மிச்சம் நாலு கேப்ஸ்யூல்!

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் நெளிந்துகொண்டே வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, டிக்கெட் எடுக்கவில்லை. இரண்டு, படர்தாமரை.

கண்ணமங்கலத்திலிருந்து வேலூருக்கு தினமும் ஆபீஸ் போய் வந்த காலத்தில் நான் இரண்டாவது ரகம். (டிக்கெட் எடுத்துவிடுவேன் சார், பி.காம். படித்தவன்!) சித்திரை வெயில், ஜீன்ஸ், இறுக்கின பெல்ட், மூச்சுவிட இடமில்லாத பஸ். இடுப்பைச் சுற்றி ஆரணிப் பட்டுக்கு பார்டர் போட்ட மாதிரி சிவப்பாக ஒரு கரை. மேனேஜர் திட்டும்போதுதான் அது அரிக்கும். சொறிந்தால் திமிர் என்பார். சொறியாவிட்டால் உயிர் போகும்.

மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"அண்ணே, அரிப்புக்கு எதனா..."

"எங்கே?"

"அது வந்து..."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு ட்யூபை எடுத்துப் போட்டார். நாலே நாளில் அரிப்பு காணோம். பத்தாம் நாள் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது!

ட்யூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும். பூஞ்சையோ போலீஸ் இல்லாத ஊரில் திருடன் மாதிரி ஜாலியாகப் பரவும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி விதிதான், கடை கடைதான்.

கடைசியில் தோல் டாக்டரிடமே போனேன். முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு இட்ராகொனசோல் கேப்ஸ்யூல். "அரிப்பு நின்னாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றார். அரிப்பு நின்றது. நானும் நிறுத்திவிட்டேன். நாலு கேப்ஸ்யூல் மிச்சம். கணக்கில் மிச்சம் காட்டினால் பி.காம்.காரனுக்கு ஒரு சந்தோஷம்!

அந்த சந்தோஷத்தில்தான் வினை.

என் தாய்மாமா பட்டு நெசவாளர். முப்பது வருஷமாகத் தறிக்குழியில் காலை விட்டு மிதி மிதிக்கிறவர். அவருடைய வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துப் போயிருந்தது. "இது பூஞ்சைதான் மாமா. நம்மகிட்ட மருந்து இருக்கு" என்று, ஏதோ நானே எம்.பி.பி.எஸ். மாதிரி, மிச்சம் நாலையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

மாமா சிக்கனக்காரர். நாலு தீர்ந்ததும் காலி அட்டையைக் கடையில் காட்டி இன்னும் இருபது வாங்கியிருக்கிறார். அவர் ஏற்கெனவே கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

சில நாளில் தொடை வலி. "தறி மிதிக்கிற காலு, வலிக்காம இன்னா பண்ணும்?" என்று தைலம் தடவிக்கொண்டார். அப்புறம் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் காலை அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்: "சிறுநீர் சாயத் தண்ணி மாதிரி போவுது."

வேலூரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டரின் முதல் கேள்வி: "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" மாமா வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது, நான் கொடுத்த அட்டை. அப்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். கல்லீரல் நம் உடம்பின் ஹெட்கிளார்க். உள்ளே வருகிற மருந்து ஃபைலையெல்லாம் பார்த்து பைசல் பண்ணி அனுப்புவது அவர் வேலை. இட்ராகொனசோல் உள்ளே போனால் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிடும். சிலவகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகள், முக்கியமாக சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின், பைசலாகாமல் ரத்தத்தில் குவியும். குவிந்தால் தசை சிதையும். சிதைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அந்தச் சாய நிறம் அதனால்தான்.

இது உலகம் ஏற்கெனவே பார்த்த கூத்து. 1990-ல் அமெரிக்காவில் ஒரு பெண்மணி, அலர்ஜிக்கு டெர்ஃபெனடின் என்ற மாத்திரையோடு பூஞ்சைக்கு கீட்டோகொனசோலையும் சேர்த்துச் சாப்பிட்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்தார். கடைசியில் அந்த அலர்ஜி மாத்திரையே 1998-ல் அங்கே கடையை விட்டுப் போனது. கீட்டோகொனசோல் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2013-ல் அமெரிக்கா கடும் கட்டுப்பாடு போட்டது. ஐரோப்பாவில் பூஞ்சைக்கு அதைக் கொடுப்பதையே நிறுத்தச் சொன்னார்கள்.

அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று ஓடக்கூடாது. தலையில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது. முடியின் வேர்வரை அது போகாது. நகத்துக்கும் பெரும்பாலும் மாத்திரைதான். ஆனால் ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்து. தேமலுக்கு டெர்பினஃபின் மாத்திரை விழுங்கினால் பைசா பிரயோஜனமில்லை. அதே டெர்பினஃபின், பூஞ்சை பிடித்த கால் நகத்துக்குச் சுமார் 12 வாரம் கொடுக்கிற மருந்து. அப்புறமும் நகம் மாதம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும்; முழுசாக மாற ஒரு வருஷத்துக்கு மேலாகும். ஆகவே, மூன்றாவது மாதமே "மருந்து வேலை செய்யலை" என்று டாக்டரை மாற்றாதீர்கள்.

மாமா புண்ணியத்தில் நான் பற்றுவரவு நோட்டில் எழுதி வைத்திருப்பது:

டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போகவும். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், அலர்ஜி, சளி எதுவாயினும் சரி. எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

இட்ராகொனசோல் கேப்ஸ்யூலை வயிறு நிறைய சாப்பிட்டபின் விழுங்க வேண்டும். கூடவே வயிற்றெரிச்சல் மாத்திரை போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது என்று 2001-லேயே எச்சரித்திருக்கிறார்கள்.

க்ரிசியோஃபுல்வின் பழைய மருந்து. 1939-ல் கண்டுபிடித்து, 1958-ல் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்கால கோஷ்டி கவனிக்க: இதோடு மது கூடவே கூடாது. புது மாப்பிள்ளைகள் இன்னும் கவனிக்க: இதைச் சாப்பிடும்போதும், நிறுத்தி ஆறு மாதம் வரையிலும், குழந்தைக்கு அவசரப்படக்கூடாது.

நாள்கணக்கில் மாத்திரை என்றால் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளவும். கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பு, ஓயாத வாந்தி, பசியே இல்லை என்றால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவும்.

நடுவில் நிறுத்தவும் கூடாது. என்னுடையது மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. கண்ட களிம்பும் அரைகுறை மாத்திரையுமாக நாம் ஆடிய ஆட்டத்தில், டெர்பினஃபினுக்கு மசியாத ஒரு பூஞ்சை நம் பக்கத்தில் தலையெடுத்துவிட்டது. 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கு 'ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று இந்தியா பெயரையும் சேர்த்தே சூட்டினார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு அது வந்ததாகச் செய்தி. நம் ஊர் சரக்கு வெளிநாடு போவது எனக்கும் பெருமைதான். பட்டுப்புடவையோடு நின்றிருக்கலாம்!

மாமா பிழைத்துக்கொண்டார். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றி, ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் இரண்டு மாதம் தறி ஓடவில்லை. அந்த இரண்டு மாதக் கூலிக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது? என் பேரில்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோல் டாக்டர் அந்த நகத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பூஞ்சையே இல்லை! முப்பது வருஷமாக மிதியில் இடித்து இடித்துத் தடித்துப்போன நகமாம். அதற்கு மாத்திரையே தேவையில்லை.

இப்போது நான் மாமா வீட்டுக்குப் போனால், காப்பி கொடுப்பதற்கு முன்னால் அத்தை என் சட்டைப் பையைப் பார்க்கிறார். மாமா மட்டும் தறியிலிருந்தபடியே குரல் கொடுப்பார்:

"இன்னா மாப்ள, இன்னிக்கு மிச்சம் எதனா எடுத்தாந்தியா?"